பாலியேட்டிவ் குழுவில் சமூகப் பணியாளருக்கு என்ன வேலை?

வாசகர் கேள்வி, 8 ஜனவரி 2025

பெரியப்பாவுக்கு வாய்ப்புற்று. வீடு பாப்பிரெட்டிப்பட்டி பக்கம். பாலியேட்டிவ் குழு, அதாவது தீராத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கப் பார்க்கும் குழு, வீட்டுக்கே வருகிறது. நர்ஸ் புண்ணைக் கழுவிக் கட்டுகிறார், டாக்டர் கடும் வலிக்கு மார்ஃபின் எழுதுகிறார், சரி. கூடவே ஒரு பெண்மணி வருகிறார், சமூகப் பணியாளராம். நாற்காலி போட்டு உட்கார்கிறார், பேசுகிறார், காபி குடிக்கிறார், நோட்டில் எழுதுகிறார், கிளம்புகிறார். அவருக்குப் பதில் இன்னொரு நர்ஸ் வந்தால் இன்னும் நாலு வீடு பார்க்கலாமே? ஆறுதல் சொல்ல ஊரில் ஆளா இல்லை?

9 ஜனவரி 2025

காபி குடிப்பது உண்மைதான். எங்கள் பக்கம் காபி வேண்டாம் என்று சொன்னால் அடுத்த தடவை கதவு பாதிதான் திறக்கும். காலனி (தலித் குடியிருப்பு) வீடுகளில் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள், கொடுத்த தண்ணீரை இவள் குடிக்கிறாளா இல்லையா என்று. குடித்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

நான் அந்த வேலையில் இருப்பவள். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படித்துவிட்டு தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் வீட்டு வருகைக் குழுக்களோடு போய்க்கொண்டிருக்கிறேன். உங்கள் பெரியப்பா வீட்டுக்கு வருவது நான் இல்லை.

ஆறுதல் சொல்ல ஊரில் ஆள் வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. “தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்” என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். நாங்கள் அதைச் சொல்வதில்லை. மருந்து சரியாக எழுதியும் வலி ஏன் குறையவில்லை என்று பார்ப்பதுதான் எங்கள் வேலையில் பெரும்பகுதி. காரணம் மாத்திரையில் இல்லாமல் வீட்டுக்குள் இருந்தால் அதைத் தேடிப் பிடிக்க ஒருவர் வேண்டும். நர்ஸுக்குப் புண்ணைப் பார்க்கவே நேரம் போதாது. டாக்டரிடம் வீட்டார் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், திட்டுவார் என்று பயம்.

10 ஜனவரி 2025

உதாரணம் கேட்டிருந்தார்கள். ஆள் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் எழுத முடியும்.

பென்னாகரம் தாண்டி உள்ளே போகும் ஒரு காட்டுக்கொட்டாய். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் பல குடும்பங்கள் ஊருக்குள் குடியிருப்பதில்லை. அவரவர் நிலத்திலேயே வீடு, அதற்கு ஒரு கொட்டாய்ப் பெயர். பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில்கூட இருக்காது.) அவருக்கும் வாய்ப்புற்றுதான். நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை. அப்படியும் ராத்திரியெல்லாம் அலறுகிறார். டோஸை ஏற்றலாம் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார். நர்ஸ் மாத்திரையை எண்ணிப் பார்த்தார், இருக்க வேண்டியதைவிட நிறைய மிச்சம். “எல்லாம் கரெக்டா கொடுக்கறேன் மேடம்” என்று சத்தியம் செய்தார் அவர் மனைவி.

நான் போய் அடுப்படியில் உட்கார்ந்தேன். அந்த அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தார். முதலில் மழையைப் பற்றிப் பேச்சு, அப்புறம் மாட்டைப் பற்றி. பிறகு தானாகவே சொன்னார்: பாதி மாத்திரைதான் கொடுக்கிறாராம். போதை மாத்திரை என்று பயந்திருப்பார், அந்தப் பயத்தைத்தான் பேசித் தீர்க்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பயமெல்லாம் அவருக்கு இல்லவே இல்லை. மாத்திரை தீர்ந்தால் தருமபுரிக்குத்தான் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், அதுவரை இவரை யார் பார்த்துக்கொள்வது? அதனால் இரண்டு வாரத்து மாத்திரையை நாலு வாரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். டோஸை ஏற்றியிருந்தால் அதையும் பாதியாக்கியிருப்பார்.

மார்ஃபின் ஊர் மெடிக்கலில் கிடைக்காது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கெடுபிடியாக இருந்தது. 2014இல் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் ஒரே விதிமுறையில் வாங்கி வைத்துக்கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். நல்ல திருத்தம்தான். ஆனால் அங்கீகாரம் பெற்ற இடம் டவுனில் இருக்கிறது, நோயாளி கொட்டாயில் கிடக்கிறார். நடுவில் இருக்கும் தூரத்தை இந்த அம்மாதான் சுமக்கிறார்.

தீர்வு சாதாரணமானது. எங்கள் வருகை நாளை மாத்திரை தீரும் நாளோடு பொருத்தினோம், மாத்திரையை நாங்களே கொண்டுபோனோம். டோஸ் ஏற்றவில்லை. அந்த வாரமே தூங்கினார்.

11 ஜனவரி 2025

மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்களா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வலிக்கு, டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். நீங்கள் பயப்பட வேண்டியது மலச்சிக்கலுக்கு. மலமிளக்கியையும் சேர்த்தே எழுதித் தருவார்கள், அதை விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டு மாத்திரையையே நிறுத்தியவர்கள் உண்டு.

19 ஜனவரி 2025

பொங்கல் முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், “அப்ப வலியெல்லாம் மனசுலதான்னு சொல்றீங்க” என்று எழுதியிருக்கிறார். இல்லவே இல்லை. எல்லாவற்றையும் மனசு, குடும்பம், கவலை என்று சொல்லிவிடும் சமூகப் பணியாளர் ஆபத்தானவர். முதலில் உடம்பு. உடம்பைப் பார்த்து முடித்த பிறகுதான் எங்கள் முறை.

எங்கள் மாவட்டத்தில் முதுகுவலி என்றால் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். பல்லில் கறை, மூட்டு இறுக்கம், முதுகு வளைதல் எல்லாம் தலைமுறையாகப் பார்த்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே அதற்காகத்தான். ஆனால் மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவருக்குப் புதிதாக முதுகு வலித்தால் அதைத் தண்ணீர் மேல் போடக் கூடாது. நல்லம்பள்ளி பக்கம் ஒரு வீட்டில் அப்படித்தான் விட்டுவைத்திருந்தார்கள். எங்கள் நர்ஸ் ஒரே கேள்வி கேட்டார்: “அக்கா, கால் மரத்துப் போகுதா? ஒண்ணுக்குப் போக சிரமமா இருக்கா?” ஆமாம் என்றார். அன்றைக்கே அனுப்பிவைத்தோம். புற்று தண்டுவடத்தை அழுத்தும்போது ஒவ்வொரு நாளும் முக்கியம், தாமதித்தால் கால் திரும்ப வராது. அந்த இடத்தில் என் பேச்சுத் திறமைக்கு வேலையே இல்லை. வண்டி பிடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

20 ஜனவரி 2025

நேற்றைய குறிப்போடு சேர வேண்டியது, தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இது நேர் எதிர்.

அரூர் பக்கம், கர்ப்பப்பை வாய்ப் புற்று. மருமகளை மாட்டுக் கொட்டகையில் படுக்க வைத்திருந்தார் மாமியார். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. எனக்கு வந்த கோபத்தில் மாமியாரோடு பேச ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தேன். நர்ஸ் என் கையைப் பிடித்து, “முதல்ல வாடையை நிறுத்தலாம், அப்புறம் பேசு” என்றார். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் வைத்துக் கட்டினார். கொஞ்ச நாளில் வாடை அடங்கியது. அடுத்த வருகையில் அந்தப் பெண் திண்ணையில் இருந்தார், சின்னவன் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். மாமியாரிடம் நான் ஒன்றும் பேசவில்லை, பேச வேண்டிய தேவையும் வரவில்லை. அந்த அம்மா கொடுமைக்காரி இல்லை. வாடையை என்ன செய்வதென்று தெரியாதவர்.

ஆக, வீட்டுப் பிரச்சினை மாதிரி தெரிவது சில நேரம் மருந்துப் பிரச்சினை. மருந்துப் பிரச்சினை மாதிரி தெரிவது சில நேரம் பஸ் காசு. எது எது என்று பிரித்துப் பார்க்க நர்ஸும் சமூகப் பணியாளரும் ஒரே வண்டியில் போக வேண்டும்.

26 ஜனவரி 2025

“இது டாக்டர்கள் தொடங்கிய துறை, மற்றவர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார்கள்” என்று எழுதிய அன்பருக்கு.

இந்தத் துறையைத் தொடங்கிவைத்த சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ். முதுகுக் கோளாறால் அதைத் தொடர முடியாமல், ஆல்மனர் ஆனார். இன்றைய மருத்துவ சமூகப் பணியாளருக்கு அன்றைய லண்டன் பெயர் அது. ஆல்மனராக இருந்தபோதுதான் டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூத அகதியைச் சந்தித்தார். சொந்தபந்தம் இல்லாமல், புற்றுநோயோடு செத்துக்கொண்டிருந்த மனிதர். இப்படிப்பட்டவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று இருவரும் பேசினார்கள். 1948இல் அவர் இறந்தபோது அதற்காக 500 பவுண்டு விட்டுச் சென்றார். அதன் பிறகுதான் சாண்டர்ஸ் மருத்துவம் படித்து, 1957இல் டாக்டரானார். கடைசிக் கால நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தது 1967இல். வலி என்றால் உடம்பு, மனசு, குடும்பம்-காசு, ஆன்மிகம் நாலும் சேர்ந்ததுதான் என்று சொன்னவரும் அவரே. அதை ஒரு டாக்டர் மட்டும் சொல்லியிருக்க முடியாது என்பது என் கட்சி. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழியில்லாதவர்களோடு உட்கார்ந்து பேசியவருக்குத்தான் அது தெரியும்.

இந்தியாவில் 1946இலேயே பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளரை நியமித்திருக்கிறார்கள். யார் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார்கள் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

2 பிப்ரவரி 2025

கொஞ்சம் சிரிப்பதற்கு. காரிமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். தோளில் பை, கையில் நோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. செவ்வாய்க்கிழமை வேறு. குழுக் கடன் வசூலுக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, “இல்ல சாமி, இது ஊசி போடற வண்டியில வர்ற பொண்ணு” என்று சொன்ன பிறகுதான் திறந்தார்கள். அன்றிலிருந்து பையை மாற்றிவிட்டேன்.

ஆனால் அந்த வீட்டில் வேலை அங்கிருந்துதான் தொடங்கியது. கணவருக்குக் கல்லீரல் புற்று, மனைவி பேரில் வெவ்வேறு கம்பெனிக் கடன்கள். வாரா வாரம் கூட்டம் போட்டு வசூல். ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும், அதனால் நெருக்குவது வெளியாள் இல்லை, கூடப் பழகிய பெண்கள். நோயாளி முன்னாலேயே வாக்குவாதம். அவர் எங்களிடம் சொன்னது வயிற்று வலி. செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் அதிகமாக வருகிறது என்று யாரும் கேட்கவில்லை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது: பல குழுக் கடன்களில் கடன் வாங்கியவருக்கும் கணவருக்கும் சேர்த்தே உயிர்க் காப்பீடு பிடித்திருப்பார்கள். பாஸ்புக்கிலோ கடன் அட்டையிலோ அதற்கான பிடித்தம் இருக்கும். இறந்தால் மீதிக் கடன் தள்ளுபடி. வசூலுக்கு வருபவர் இதை முன்வந்து சொல்லி நான் கேட்டதில்லை. அட்டையை வாங்கிப் படியுங்கள்.

16 பிப்ரவரி 2025

கேரளாவைக் காட்டி ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. அங்கே தன்னார்வலர்களே இதைச் செய்கிறார்கள், சம்பளம் எதற்கு?

கோழிக்கோட்டில் 1993இல் சின்ன கிளினிக்காகத் தொடங்கியது. பிறகு ஊர் ஊராகத் தன்னார்வலர் வலைப்பின்னல் ஆனது. 2008இல் மாநில அரசே பாலியேட்டிவ் கொள்கை வெளியிட்டது. மதிப்புக்குரிய வேலை, நானே அங்கே போய்க் கற்றுக்கொண்டவள். ஆனால் அப்படியே தூக்கிவந்து இங்கே வைக்க முடியாது.

ஒன்று, ஆளில்லை. எங்கள் கிராமங்களில் வயசுப் பிள்ளைகள் பெங்களூருவிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். போர்வெல் லாரியோடு போனவன் எந்த மாநிலத்தில் இருக்கிறான் என்று அவன் அம்மாவுக்கே தெரியாது. வீட்டில் இருப்பது தாத்தாவும் பாட்டியும், அவர்களில் ஒருவர் நோயாளி.

இரண்டாவது, சாதி. சுற்றிவளைக்க விரும்பவில்லை. பயிற்சிக்கு வந்து, குறிப்பெடுத்து, சான்றிதழும் வாங்கிய தன்னார்வலர், காலனியில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும் என்றதும் அன்றைக்கு மட்டும் காய்ச்சல் என்பார். நாலு முறை காய்ச்சல் வந்தால் நமக்குப் புரிந்துவிடும். சம்பளத்துக்கு இருக்கும் ஆளிடம், போகவில்லையா, ஏன் என்று கேட்க முடியும்.

இன்னொன்றும் உண்டு. உள்ளூர்க்காரர் என்றால் நெருக்கம் என்கிறோம். அந்த உள்ளூர்க்காரரிடம்தான் கடன் வாங்கியிருப்பார்கள், வரப்புத் தகராறும் அவரோடுதான் இருக்கும். தன் மகள் புருஷனை விட்டு வந்ததை அவரிடம் சொல்வார்களா?

17 பிப்ரவரி 2025

நேற்று எழுதியது தன்னார்வலர்களுக்கு எதிரானது போலப் படிக்கப்படுகிறது. பாலக்கோட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நோயாளிக்கு நகம் வெட்டி, தலை சீவி, பழைய கதை பேசிவிட்டு வருவார். எங்கள் யாராலும் முடியாத வேலை அது. அவர் மாதிரி இன்னும் பத்துப் பேர் கிடைத்தால் பாதிப் பஞ்சாயத்து எனக்கு வராது. ஆனால் அவரே, “தாசில்தார் ஆபீஸ் மட்டும் நீ போய்க்கோ கண்ணு” என்று சொல்லிவிடுகிறார்.

9 மார்ச் 2025

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதே எங்கள் பக்கம்தான். 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி. பிரஷர், சுகர் மாத்திரையோடு பாலியேட்டிவ் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவது அதிலிருந்து வந்த மாற்றம். முன்பெல்லாம் அஞ்செட்டி மலைப்பக்கம் படுக்கையில் கிடப்பவரை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த வண்டியில் சமூகப் பணியாளருக்கு இடம் போடவில்லை. 2012இல் வந்த தேசியப் பாலியேட்டிவ் திட்டத்தின் மாவட்டக் குழுவிலும் டாக்டர், நர்ஸுகள், பல்நோக்குப் பணியாளர். என்னைப் போன்றவர்கள் இருப்பது அறக்கட்டளைக் குழுக்களிலும் சில பெரிய ஆஸ்பத்திரிகளிலும். அறக்கட்டளை என்றால் நிதி இருக்கும் வரை வேலை. நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் நிதி குறைந்ததும் முதலில் நிறுத்தியது எங்களைத்தான், வண்டி டிரைவரை வைத்துக்கொண்டார்கள். அது சரியான முடிவு என்றுகூடச் சொல்வேன், டிரைவர் இல்லாமல் யாரும் எங்கும் போக முடியாது. கோபம் எனக்கு வேறு இடத்தில்: என் வேலையை அன்றோடு நர்ஸ் தலையில் வைத்தார்கள், கூடுதல் நேரம் எதுவும் கொடுக்காமல்.

30 மார்ச் 2025

தேன்கனிக்கோட்டை பக்கம் போய்விட்டு வந்து எழுதுகிறேன். வீட்டில் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசுகிறார்கள். பாட்டிக்கு ரத்தப்போக்கு. எங்கள் புது நர்ஸுக்குத் தமிழ் மட்டும்தான். ஆறாவது படிக்கும் பேத்தி பள்ளியில் தமிழ் படிக்கிறாள், அவளை நடுவில் நிறுத்தி எல்லாவற்றையும் கேட்டுச் சொல்லச் செய்கிறார்கள். எங்கிருந்து ரத்தம் வருகிறது, எப்போதிலிருந்து, இனி எவ்வளவு நாள் என்று. அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னேன்.

எவ்வளவு கெட்டிக்காரக் குழந்தையாக இருந்தாலும் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பாட்டியும் பேத்தி முன்னால் பாதியை விழுங்குவார், குழந்தையும் தனக்குப் புரியாததை விட்டுவிடும். ஊர் சுகாதாரத் தன்னார்வலர் அக்காவுக்கு போன் போட்டோம், அவர் ஸ்பீக்கரில் கேட்டுச் சொன்னார். எனக்குத் தெலுங்கு அரைகுறை. ஆனால் அந்த அரைகுறைக்கே ஒரு பயன் உண்டு. “இவங்களுக்குப் புரியாது” என்று நினைத்துக்கொண்டு வீட்டார் தங்களுக்குள் செலவைப் பற்றிப் பேசுவார்கள். நான் காதைப் பொத்திக்கொள்வதில்லை.

20 ஏப்ரல் 2025

மாங்காய் சீசன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தோப்புக்காரர். மகன்கள் இருவரும் பேச்சுவார்த்தை கிடையாது, மகள் பர்கூரில் கட்டிக்கொடுத்தது. வலி எவ்வளவு, பத்துக்கு எத்தனை என்று கேட்டால் மகன்கள் முன்னால் “பத்து” என்பார். அவர்கள் வெளியே போனதும் “நாலு இருக்கும்மா” என்பார். டாக்டர் குழம்பிப்போனார்.

விஷயம் தோப்பு. எழுதிக்கொடு என்று இரண்டு பக்கமும் நெருக்கல். வலியில் இருக்கும்வரை கையெழுத்து கேட்க மாட்டார்கள் என்று பெரியவர் கணக்குப் போட்டிருந்தார். நான் செய்தது, என்னென்ன வழி இருக்கிறது என்று அவரிடம் தனியாகச் சொன்னது மட்டும்.

உயில் என்றால் முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சி போதும். செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுப்பது) என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். படுக்கையில் இருப்பவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக முடியாவிட்டால் மனு கொடுத்து, கட்டணம் கட்டி, சார்பதிவாளரை வீட்டுக்கே வரவைக்கலாம், பதிவுச் சட்டத்தில் இடம் உண்டு. இது தெரியாமல் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு ஆம்புலன்ஸில் கொண்டுபோய் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நினைவு தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் சான்றும் வாங்கிவிடுங்கள், மருந்து மயக்கத்தில் எழுதி வாங்கினார்கள் என்று பின்னால் வழக்கு வரும்.

எங்கள் குழுவில் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவதில்லை. டாக்டர் சாட்சியாக இருந்தால் பலம் என்று வக்கீல்கள் சொல்வார்கள். இருக்கட்டும், அது வேறு டாக்டராக இருக்கட்டும். ஒரு வழக்கில் எங்கள் பெயர் வந்தால் அடுத்த ஊரில் கதவு திறக்காது.

கடைசியில் தோப்பை மகன்களுக்கே பிரித்து எழுதினார். மகளுக்கு நகை. எனக்குப் பிடிக்கவில்லை. பூர்வீகச் சொத்தாக இருந்தால் 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் மகளுக்குச் சம பங்கு தருகின்றன. இது அவரே சம்பாதித்து வாங்கியது, அவர் இஷ்டம். அதையும் அவரிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டார், மாற்றவில்லை. எழுதி முடித்த பிறகு மகன்கள் முன்னாலும் “நாலு” என்றே சொல்ல ஆரம்பித்தார்.

21 ஏப்ரல் 2025

“வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாமா?” வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்தது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்து. எழுதி பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

11 மே 2025

குளுக்கோஸ். இதை எழுதாமல் விடக் கூடாது.

கடைசி நாட்களில் சாப்பாடு இறங்காது. வீட்டார் பதறுவார்கள். பக்கத்து ஊரில் ஊசி போடுகிறவரைக் கூட்டிவந்து பாட்டில் மாட்டுவார்கள். கை கால் வீங்கும், நெஞ்சில் சளி கரகரக்கும், நோயாளிக்கு இன்னும் சிரமம். நர்ஸ் வேண்டாம் என்பார், வீட்டார் கேட்க மாட்டார்கள். நர்ஸ் சொல்வது நியாயம்தான், ஆனால் அவர்களுக்கு அது பதில் இல்லை. அவர்கள் பயம் மருத்துவத்தைப் பற்றியது இல்லை. “ஒரு பாட்டில் குளுக்கோஸ்கூட ஏத்தாம சாகவிட்டாங்க” என்று காரியத்தன்று ஊர் பேசும், அந்தப் பயம்.

அதனால் வீட்டில் செல்லுபடியாகும் பெரியவர் யார் என்று பார்ப்பேன். பங்காளியா, தாய்மாமனா, மூத்த அத்தையா. அவர் இருக்கும்போது டாக்டரை விளக்கச் சொல்வோம். “டாக்டரே வேண்டாம்னுட்டாரு, நானும் கேட்டேன்” என்று அவர் வெளியில் சொன்னால் பழி வீட்டார் மேல் விழாது. அப்புறம் கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். பஞ்சை நனைத்து உதட்டை ஈரமாக்குவது, விழுங்க முடிந்தால் ஒரு ஸ்பூன் இளநீர், வாயைத் துடைத்துவிடுவது. சும்மா நின்று பார்க்கச் சொன்னால் யாராலும் முடியாது.

8 ஜூன் 2025

ரயில் சலுகை பற்றிக் கேட்டவருக்கு: புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் கிடையாது, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதத் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் சான்று வாங்க வேண்டும். தருமபுரி, பாலக்கோடு, ஓசூர்க்காரர்கள் பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக இது உதவும்.

கிருஷ்ணகிரி டவுன்காரர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை, முதலில் ரயில் வர வேண்டும்.

பெங்களூரு என்றதும் நினைவு வருகிறது. வீட்டில் பார்க்கவே முடியாத நிலையில் இருக்கும் புற்றுநோயாளிகளுக்கு அங்கே கருணாஷ்ரயா என்ற ஹாஸ்பிஸ் இருக்கிறது, 1999லிருந்து, கட்டணம் இல்லாமல். ஓசூர் பக்கத்தவர்கள் கேட்டுப் பாருங்கள்.

13 ஜூலை 2025

நோயாளி இறந்த பிறகும் ஏன் வருகிறீர்கள் என்று இங்கே கேட்டிருக்கிறார்கள். காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு போவோம். மீதி மார்ஃபினைத் திரும்ப வாங்க வேண்டும், அது சாக்கும்கூட.

துக்கம் விசாரிப்பதில் எனக்குப் பெரிய திறமை இல்லை, காகிதம் விசாரிப்பேன். வீட்டில் நடந்த மரணத்தை 21 நாளுக்குள் விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) பதிந்தார்களா? வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் போட்டார்களா? அப்புறம் பாஸ்புக். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்தம் மட்டும் இருந்தால் அது விபத்துக்கு. வங்கியில் கணக்கு தொடங்கும்போது போட்டுவிட்ட கையெழுத்து, குடும்பத்துக்கே தெரியாது. மொரப்பூர் பக்கம் ஒரு அக்கா அந்தப் பாஸ்புக்கை எரிக்க எடுத்து வைத்திருந்தார், இறந்தவரின் துணிமணிகளோடு.

ரேஷன் கார்டில் பெயர் நீக்கினால் அரிசி குறையும் என்று சிலர் மரணத்தையே பதிய மாட்டார்கள். அரிசிக் கணக்கை ஒருபக்கம் எழுதி, பதியாவிட்டால் கிடைக்காமல் போகும் தொகையை மறுபக்கம் எழுதிக் காட்டுவேன். வேறு வாதம் எதுவும் வேலை செய்வதில்லை.

21 செப்டம்பர் 2025

பிள்ளைகளுக்கான உதவி பற்றி இரண்டு தகவல். பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருந்தால் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கேட்கலாம், வருமான வரம்பு உண்டு, கிராமத்தில் ஆண்டுக்கு 72,000. அதற்குப் பெற்றோர் இறக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை, இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மாநில அரசு இந்த மாதம் 15ஆம் தேதி ‘அன்புக் கரங்கள்’ தொடங்கியிருக்கிறது, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000. ஒருவர் இறந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்றாலும் கேட்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள்.

12 அக்டோபர் 2025

எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை, பாலியேட்டிவில் களப்பணிக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறார். வாம்மா. கவுன்சலிங் தியரி எல்லாம் படித்திருப்பாய், அது இருக்கட்டும். வருவதற்கு முன் இ-சேவை மையத்தில் ஒரு நாள் உட்கார்ந்து என்னென்ன சான்றுக்கு என்னென்ன இணைப்பு கேட்கிறார்கள் என்று பார். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் யார் எதில் கையெழுத்துப் போடுவார்கள் என்று தெரிந்துகொள். தெலுங்கு கொஞ்சம், கன்னடம் கொஞ்சம். களி விழுங்கத் தெரிய வேண்டும், மெல்லக் கூடாது, சிரிப்பார்கள். முதல் மாதம் நர்ஸ் பின்னாலேயே போ, புண்ணைக் கண்ணால் பார்க்கப் பழகு. முகம் சுளித்தால் அந்த வீட்டில் உன்னிடம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

ஸ்கூட்டி இருந்தால் கொண்டு வா. வத்தல்மலைக்கு மட்டும் வேண்டாம், அந்த வளைவுகளில் எங்கள் டிரைவரை நம்பு.